நாவலர் பெருமானின் நெஞ்சம்

நல்லைநகர் ஆறுமுக நாவலரை அஞ்சாநெஞ்சினர் என்று மேடைதோறும் போற்றுகின்றோம். அந்நெஞ்சு பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி பிறந்த ஆறுமுகம், இளமையிலேயே தந்தையாரை இழந்தார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றார். மாணாக்கனை நம்பிய குரு ஒருபுறம். தளர்ந்துவந்த சைவம் மறுபுறம். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் உத்தியோகத்தையும் துறந்தார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு அத்துறவின் அருமை நன்கு விளங்கும். வெறுத்த இடத்தை விட்டு நீங்குதல் எளிது. அன்பு காட்டிய இடத்தை விட்டு நீங்குதல் அரிது.

இல்லறத்தையும் வேண்டாது, அச்சுக்கூடம் நிறுவி, வசனநூல்கள் பல வெளியிட்டார். பிழையெனக் கண்டதைக் கண்டிக்கத் தயங்காமையால், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அதிகாரிகளோடும் மாறுபட்டார். 1872இல் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருளுதவியின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஊருக்காக உழைத்தவருக்கு ஊர் கைகொடாமை எத்துணை வேதனை!

ஆயினும் அவர் உள்ளம் வறண்டதில்லை. 1877இல் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி அமைத்தார். செல்வரைக் கடிந்த நாவே ஏழைகளுக்காக அவரிடம் இரந்தும் நின்றது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி, 57 வயது நிறையுமுன்னே சிவபதமடைந்தார்.

அல்லைப்பிட்டி இளைஞர்காள்! துணிவு எம்மிடம் உண்டு. துணிந்தபின் வருந் தனிமையைத் தாங்கும் பொறுமையையும், பிறர் பசிக்காக இரக்கும் ஈரத்தையும் நாவலர் பெருமானிடம் கற்போமாக.