காலராவைக் குடித்த பேராசிரியர்

1892-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி. ஜெர்மனியிலுள்ள மூனிச் நகரில், 74 வயதை நெருங்கிய பேராசிரியர் ஒருவர், காலராக் கிருமிகள் நிறைந்த ரசத்தைத் தெரிந்தே குடித்தார். அவர்தான் மாக்ஸ் பெட்டன்கோபர்.

1818-ல் கிராமத்தில் பிறந்தவர். அரண்மனை மருந்துக் கடையை நடத்திவந்த தந்தையின் சகோதரர் படிக்கவைத்தார். பையனோ நடுவில் ஓடிப்போய் நாடகக்காரராகிவிட்டார்! படிப்புக்குத் திரும்பினால்தான் கல்யாணம் என்று காதலி ஹெலினா கண்டிப்பாகச் சொன்ன பிறகே திரும்பினார். அந்தப் பெண்ணுக்கு மூனிச் நகரமே கடமைப்பட்டிருக்கிறது.

அவர் ஏன் குடித்தார்? காலராவுக்குக் கிருமியே காரணம் என்றார் ராபர்ட் காக். கிருமி மட்டும் போதாது. ஈரமான அசுத்த மண்ணில் அது பக்குவப்பட வேண்டும் என்றார் பெட்டன்கோபர். ஹாம்பர்க் நகரில் அவ்வாண்டு காலரா 8,000 பேருக்கு மேல் பலிகொண்டிருந்த சமயம் அது.

குடிக்கும்போது அவர் ஒரு காரியம் செய்தார். ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அந்தச் சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்துக்கொண்டார். நம் இரைப்பையில் திராவகம் சுரக்கிறது. உணவைச் செரிக்க உதவுவதுடன், உணவோடும் நீரோடும் வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றும்விடுகிறது. காலராக் கிருமிக்கு அது பரம விரோதி. தப்பிக் குடலை அடைந்த கிருமிதான் நஞ்சைக் கக்கும், குடல் நீரைக் கொட்டும், பேதி உண்டாகும். திராவகம்தான் தம்மைக் காப்பாற்றியது என்று பிறகு யாரும் சொல்லக் கூடாதல்லவா? அதனால் காவல்காரனைத் தாமே அப்புறப்படுத்தினார்.

சில நாட்களில் பேதி கண்டது. ஆனால் லேசாக வந்து, தானே நின்றது. அவருடைய சீடர் எம்மரிக்கும் குடித்தார். அவருக்குக் கடுமையாகவே கண்டது. ஆனாலும் பிழைத்தார். தாம் வென்றுவிட்டதாகவே பெட்டன்கோபர் நினைத்தார். அனுப்பப்பட்ட கிருமிகள் வலுவிழந்தவையாக இருக்கலாம் என்றும், 1854-ல் அவருக்குக் காலரா வந்துபோனது காப்பாற்றியிருக்கலாம் என்றும் பிற்காலத்தில் சிலர் கருதினார்கள்.

சோடா உப்பு விஷயத்தில் அவர் போட்ட கணக்கு சரியே. பின்னாளில் தாமாக முன்வந்தவர்களிடம் நடந்த சோதனைகளில், சோடா உப்போடு கொடுத்தபோது மிகக் குறைந்த கிருமிகளே காலராவை வரவழைத்தன. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுவோருக்குச் சிலவகைக் குடல் தொற்றுகள் சற்று அதிகமாக வருவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கிருமி வாதத்தில் தோற்றவர் பெட்டன்கோபர். ஆனால் மண் அசுத்தமாகக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தால், மூனிச்சுக்குச் சாக்கடையும் நல்ல குடிநீரும் வந்தன. 1901-ல் அவர் மறைந்தார். மாங்பால் பள்ளத்தாக்கிலிருந்து 1883-ல் வரத் தொடங்கிய தண்ணீரை அந்த நகரம் இன்றும் குடிக்கிறது.