நாலு கோவேறு கழுதையும் ஒரு மோட்டாரும்

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. உங்க கையில இருக்கறது சில டிராயிங்கும் அரைகுறை டெஸ்ட் ரிசல்ட்டும்தான். ஆனா 12 மைல் டிராம் பாதைக்கு பவர் ஹவுஸ், மேல போற மின்கம்பி, 40 வண்டி, 80 மோட்டார் எல்லாம் 90 நாள்ல முடிச்சுத் தரணும். பாதையையே இன்னும் போடல! வண்டி திருப்தியா ஓடினாதான் 1,10,000 டாலர் கைக்கு வரும். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டே தேவலாம்னு தோணுதா?

1887-ல இதுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஃபிராங்க் ஜூலியன் ஸ்ப்ரேக். அப்போ அவருக்கு 30 வயசுகூட ஆகல. சின்ன வயசுலயே அம்மாவை இழந்து அத்தை வீட்டுல வளர்ந்தவர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில படிச்சு, எடிசன்கிட்ட கொஞ்ச காலம் வேலை பார்த்து, 1884-ல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார்.

ஊர், அமெரிக்காவின் தெற்குப் பகுதியில வர்ஜீனியா மாநிலத்தோட தலைநகர் ரிச்மண்ட். உள்நாட்டுப் போர்ல எரிஞ்சு, புகையிலை ஆலைகளால மறுபடி வளர்ந்துட்டு இருந்த ஊர். தெருவெல்லாம் மேடு பள்ளம், மழை பெஞ்சா செம்மண் சேறு. அதுல டிராமை இழுத்தது கோவேறு கழுதைகள். சில ஏற்றத்துல 100 அடி போனா 10 அடி உயரும். மின் மோட்டார் அதுல ஏறும்னு ஸ்ப்ரேக்குக்கே முழு நம்பிக்கை இல்ல. போதாக்குறைக்கு, கையெழுத்துப் போட்ட கொஞ்ச நாள்லயே டைபாய்டு வந்து படுத்துட்டார்.

எழுந்து வந்து ஒரு ராத்திரி டெஸ்ட் பண்ணார். வண்டி மலை ஏறிடுச்சு! வேடிக்கை பார்க்க கூட்டம் கூடிருச்சு. ஆனா உச்சிக்கு வந்ததும் மோட்டார் படுத்துருச்சு. இங்கதான் எனக்கு மனுஷனை ரொம்பப் பிடிச்சது. கூட்டம் காதுல விழற மாதிரி, சோதனைக் கருவி எடுத்துட்டு வரச் சொல்லி உதவியாளரை அனுப்பிட்டு, விளக்கை அணைச்சு சீட்டுல படுத்துட்டார். கூட்டம் கலைஞ்ச பிறகு அந்தக் "கருவி" வந்து சேர்ந்தது. நாலு கோவேறு கழுதை. வைவால நாம பண்ற சமாளிப்பெல்லாம் இதுக்கு முன்னாடி எந்த மூலைக்கு?

அப்புறம் மோட்டாரை மாத்தி வடிவமைச்சாங்க. அதோட ஒரு பக்கம் அச்சுல தொங்கும், இன்னொரு பக்கம் ஸ்பிரிங் தாங்கும். அதனால சக்கரம் குலுங்கினாலும் பல்சக்கரம் விலகாது. 1888 பிப்ரவரியில சேவை ஆரம்பிச்சது. அதே வருஷம் பாஸ்டன் டிராம் முதலாளி ஹென்றி விட்னி பார்க்க வந்தார். வரிசையா இத்தனை வண்டி ஒரே நேரத்துல கிளம்பினா கரண்ட் தாங்குமான்னு அவருக்குச் சந்தேகம். ஸ்ப்ரேக் ராத்திரியில 22 வண்டியை ஒண்ணு பின்னால ஒண்ணா நிறுத்திக் கிளப்பிக் காட்டினார். விளக்கு மங்குச்சு, ஆனா 22-ம் ஓடுச்சு. பாஸ்டன் மின்சாரத்துக்கு மாறினது அதுக்கப்புறம்தான். ரெண்டு வருஷத்துல 100-க்கும் மேற்பட்ட டிராம் அமைப்புகள்ல அவர் கருவிகள். ரிச்மண்ட்ல மட்டும் அவருக்குச் சுமார் 75,000 டாலர் நஷ்டம்.

அந்தத் தெருக்கதையில ஒரு கசப்பும் இருக்கு. கறுப்பின மக்களைத் தனியா உட்கார வைக்க விதி வந்தப்போ, 1904-ல ரிச்மண்ட்ல அவங்க டிராமைப் புறக்கணிச்சு மாசக்கணக்கா நடந்தே போனாங்க. ஸ்ப்ரேக்குக்கு இதுல பங்கில்ல. அவர் எப்பவோ வேற ஊர், வேற வேலைன்னு போயிருந்தார்.

1890-ல எடிசன் கம்பெனி அவர் கம்பெனியை வாங்கிடுச்சு. கருவிகள்ல ஸ்ப்ரேக் பேரும் போச்சு. அது அவரைக் கடைசி வரைக்கும் உறுத்துச்சு. அவர் 1934-ல இறந்தார். அப்புறம் 1947-ல அவர் மனைவி ஹாரியட், எடிசன் பேர்ல சேர்ந்துபோன பெருமை யாருக்குச் சொந்தம்னு ஒரு புத்தகமே எழுதினாங்க.

நடுவுல மின்சார லிஃப்ட்லயும் கை வச்சார். 1897-ல, பல பெட்டிகள்ல இருக்கற மோட்டார்களை ஒரே கன்ட்ரோலர்ல இயக்கற முறையைச் சோதிச்சப்போ, ரயிலை ஓட்ட வச்சது சின்னப் பையனான தன் மகனை. நீங்க பீச்சுல இருந்து தாம்பரம் போற மின்சார ரயில்ல முன்னாடி ஒருத்தர் கைப்பிடியைத் திருப்ப, நடுப்பெட்டி மோட்டாரும் சேர்ந்து இழுக்குதே, அதுக்கு அடிப்படை இந்த முறைதான்.