ஒரே கந்தகம், இரண்டு படிகம்: விதியை உடைத்த மிச்சர்லிஷ்

1998-ல் ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் கேப்சூல்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கலப்படம் எதுவும் இல்லை. மூலக்கூறும் அதேதான். ஆனால் மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கிக்கொண்டு, சரியாகக் கரையாத புதுப் படிகமாகிவிட்டன. கரையாத மருந்து உடம்பில் எப்படிச் சேரும்?

ஒரே பொருள் வெவ்வேறு படிகங்களாக உருவெடுக்கும் இந்தக் குணத்துக்குப் பாலிமார்பிசம் என்று பெயர். சுமார் 200 வருஷத்துக்கு முன்பு இதை அழுத்தமாக நிறுவியவர் ஐல்ஹார்ட் மிச்சர்லிஷ். இத்தனைக்கும் அவர் ஆசைப்பட்டது வேதியியலுக்கு இல்லை, பாரசீக மொழிக்கு!

1794-ல் வடஜெர்மனியில் பிறந்தவர். நெப்போலியன் பாரசீகத்துக்கு அனுப்பவிருந்த தூதுக்குழுவில் சேர்ந்துவிடலாம் என்று பாரிஸ் வரை போனார். நெப்போலியன் வீழ்ந்தார், பயணமும் போச்சு. டாக்டர் என்றால் கிழக்கு நாடுகளில் தடையில்லாமல் சுற்றலாமே என்று கோட்டிங்கனில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கேதான் வேதியியல் அவரைப் பிடித்துக்கொண்டது.

அன்றைய படிகவியலில் பிரான்ஸின் ஆயுயி சொன்னதுதான் வேதவாக்கு: ஒரு பொருளுக்கு ஒரு வடிவம். கால்சைட், அரகோனைட் இரண்டுமே கால்சியம் கார்பனேட். வடிவம் மட்டும் வேறு. இதைக் கேட்டால், அரகோனைட்டில் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் கலந்திருக்கிறது, அதன் வேலைதான் என்று பதில் வந்தது.

1819-ல் பெர்லினில் மிச்சர்லிஷ் இதன் மறுபக்கத்தைக் கண்டார். பாஸ்பேட், ஆர்சனேட் என வெவ்வேறு உப்புகளுக்கு ஒரே படிக வடிவம்! அசந்துபோன பெர்சீலியஸ் அவரை ஸ்டாக்ஹோமுக்கே அழைத்துக்கொண்டார். பெர்லின் திரும்பியவர் 1822-ல் பேராசிரியரானார்.

அடுத்து கந்தகம். உருக்கிய கந்தகம் ஆறும்போது மேலே ஏடு கட்டும். அதைத் துளைத்து, உள்ளே உறையாமல் இருப்பதை ஊற்றிவிட்டால் நீள நீளமான ஊசிகள் மிஞ்சும். கரைசலிலிருந்து வருகிற படிகமோ முற்றிலும் வேறு வடிவம். கந்தகம் ஒரு தனிமம். வேறு பொருள் கலந்துவிட்டது என்ற சாக்கு இங்கே எடுபடாது.

அந்த ஊசிகளும் அப்படியே இருப்பதில்லை. சுமார் 95 டிகிரிக்குக் கீழே வந்தால் அவற்றுக்கு நிலைப்பு இல்லை. உருகாமலே, திடமாக இருந்தபடியே, பளபளப்பு போய் மங்கி மற்ற வடிவத்துக்கு மாறிவிடும்.

1863-ல் மிச்சர்லிஷ் இறந்தபோது படிகத்துக்குள் எட்டிப் பார்க்க வழியே இல்லை. 1912-க்குப் பிறகு எக்ஸ் கதிர்கள் அதைச் சாத்தியமாக்கின. இரண்டு கந்தகத்திலும் இருப்பவை அதே எட்டு அணு வளையங்கள்தான். அடுக்கியிருந்த விதம்தான் வேறு.