சீறா தந்த உமறுப் புலவர்

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வளர்ந்த நம் பெரியவர்களிடம் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டால், பலர் முகம் மலர்ந்து உமறுப் புலவர் பள்ளி என்பார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளி அது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தப் பெயர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் சென்றது. இன்று நம் பேரப் பிள்ளைகள் அந்த வாசலில்தான் நுழைகிறார்கள். பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், என்ன செய்தார் என்று ஒரு பிள்ளை கேட்டால், சீறாப்புராணம் பாடியவர் என்ற ஒரே வரியோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். பொன்விழா மலரில் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

உமறு 1642இல் பிறந்தார் என்பது வழங்கிவரும் கணக்கு. தந்தையார் சேகு முதலி வாசனைப் பொருள் வணிகர். எட்டயபுரம் அரண்மனையோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அந்த அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் சிறுவன் உமறு தமிழ் கற்றார். கற்பித்தவர் இந்து, கற்றவர் முஸ்லிம் என்பதை அக்காலத்தில் யாரும் விசேஷமாக எண்ணியதாகத் தெரியவில்லை. வடக்கிலிருந்து வந்த வாலை வாருதி என்னும் புலவர் சபையில் அறைகூவியபோது, ஆசிரியருக்காக இளைஞர் உமறு எதிர்நின்று வென்றார் என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் ஆசிரியரின் இடத்திலேயே எட்டயபுரத்தின் அரசவைப் புலவராகவும் அமர்ந்தார்.

அப்படியே இருந்திருந்தால் அரசரைப் பாடி, பரிசு வாங்கி, பெயரும் மறைந்துபோன நூறு புலவர்களில் ஒருவராக அவரும் போயிருப்பார். வாழ்க்கையைத் திருப்பியது கீழக்கரை.

அந்நாளைய கீழக்கரையையும் காயல்பட்டினத்தையும் நினைத்துப் பாருங்கள். கடலில் போர்ச்சுக்கீசியரின் ஆதிக்கம் போய் டச்சுக்காரரின் ஆதிக்கம் வந்திருந்த காலம். அந்த நெருக்கடிக்குள்ளும் மிளகும் துணியும் ஏற்றி மரக்காயர்கள் கப்பல் விட்டார்கள். பள்ளிவாசல்களில் அரபு மதரஸாக்கள் இருந்தன. ஆலிம்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாறு அரபு நூல்களில் கிடைத்தது. முத்துக் குளிப்பவருக்கும் பாய் முடைபவருக்கும் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் என்ன கிடைத்தது? தமிழ்தான் அவர்கள் பேசிய மொழி. அக்கம்பக்கத்தில் இராமகாதையும் பாரதமும் ஊர் கூடிப் படிக்கப்பட்டன. தம் நபியின் வாழ்க்கையை அதே தமிழில், அதே இசையோடு கேட்க அவர்களுக்கு ஒரு நூல் இல்லை.

இந்தக் குறையை உணர்ந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. செய்கு அப்துல் காதிர் என்பது அவர் இயற்பெயர். சேதுபதி மன்னரின் நண்பர், பெருவணிகர், இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியில் ஏறிவிட்டவர். உமறுவிடம் அவர் கேட்டது தம்மைப் புகழும் பாட்டன்று, நபிகள் நாயகத்தின் வரலாறு. காசு கொடுப்பவர் தம் பெயரைப் பின்னுக்கு வைத்துக் கேட்பது அந்நாளிலும் அரிது.

புலவருக்குத் தமிழ் தெரியும், அரபு மூலங்கள் தெரியாது. அதற்காக மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பப்பட்டார். இங்கேதான் தடை வந்தது. அரண்மனைப் புலவரின் ஆடை அணிகளோடு வந்து நின்றவரைப் பார்த்து, நபியின் வரலாற்றை எழுத இவர் தகுந்தவரா என்று அப்பா அவர்கள் ஐயுற்று மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மனம் உடைந்த உமறு பள்ளிவாசலில் அழுது முதுமொழிமாலையைப் பாடினார் என்றும், பிறகு கனவில் கிடைத்த உத்தரவால் அப்பா அவர்களின் மனம் இளகியது என்றும் சொல்வார்கள். அந்த மறுப்பை எண்ணும்போது எனக்கு அப்பா அவர்கள் மேல் வருத்தம் வருவதில்லை. நபியவர்களைப் பற்றி எழுதும் பேனாவுக்கு முன்னால் ஒரு காவல் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் காவலைக் கடந்து வந்ததால்தான் நூலைப் பின்னால் ஆலிம்களும் ஏற்றார்கள், தமிழ்ப் புலவர்களும் ஏற்றார்கள்.

எழுதத் தொடங்கிய பின்னும் வழி நேராக இல்லை. சீதக்காதியின் ஆதரவு இடையில் இல்லாமல் போயிற்று. பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரைத் தாங்கிக்கொண்டார். கம்பர் சடையப்ப வள்ளலை நினைத்ததுபோல, உமறு தம் காப்பியத்துக்குள் அபுல் காசிமை இடையிடையே நன்றியோடு நினைக்கிறார்.

சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என்று மூன்று காண்டம், 92 படலம், 5027 பாடல். பிறப்பு, நபித்துவம், மதீனா வாழ்வு என்று போகிறது. நாட்டுப் படலத்தைத் திறந்தால் புதிதாகப் படிப்பவருக்கு ஒரு திகைப்பு ஏற்படும். அரபு நாட்டை வருணிக்கும் இடத்தில் மழை பெய்கிறது, வெள்ளம் மலையிலிருந்து இறங்குகிறது, உழவர் நாற்று நடுகிறார்கள், தாமரை பூக்கிறது. மக்காவில் ஏது நெல்வயல் என்று கேட்டவர்கள் உண்டு. ஹஜ்ஜுக்குப் போய் வந்த நம் உறுப்பினர் ஒருவரே என்னிடம் சிரித்துக்கொண்டு கேட்டார். காப்பியம் நாட்டு வளத்தோடு தொடங்க வேண்டும் என்பது தமிழ் மரபு, அது ஒரு விடை. இன்னொன்றும் உண்டு. தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து கேட்கும் குடியானவருக்கு, வளமான பூமி என்றால் நெல்லும் நீரும்தான். அந்தப் பூமியில் நபி பிறந்தார்கள் என்றால்தான் அவருக்கு நெஞ்சில் இறங்கும். புவியியல் புத்தகமாகப் படித்தால் அது பிழை. கேட்பவரின் ஊருக்குள் நபியின் ஊரைக் கொண்டுவந்த வேலையாகப் படித்தால் அதைவிடச் சரியாகச் செய்ய முடியாது.

பலருக்கும் பிடித்தது மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் ஒருவன் பெண்மானைக் கட்டிவைத்திருக்கிறான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதாக மான் இரங்குகிறது. அது திரும்பி வரும் என்று நபிகள் நாயகம் தாமே பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்னபடி வருகிறது. வேடனின் மனம் மாறி இஸ்லாத்தில் இணைகிறான். தமிழில் பெண்மானுக்கும் பிணை என்றுதான் பெயர், ஜாமீனுக்கும் பிணை என்றுதான் பெயர். என் சிறுவயதில் வீட்டில் ஒரு பெரியவர் இதை இராகம் போட்டுப் படித்து நிறுத்தி அர்த்தம் சொன்னபோது, எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. இலக்கியத்தால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்தான் ஞாபகம் வருகிறது.

காப்பியத்தை உமறு முழுமையாக்கவில்லை. ஹிஜ்ரிக்குப் பிந்திய சில ஆண்டுகளோடு, உறனிக் கூட்டத்தார் படலத்தில், அது நின்றுவிடுகிறது. 1703இல் அவர் மறைந்தார். மீதி வரலாற்றைப் பிறகு பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்று பாடினார். அதன்பின்னும் நூறாண்டுக்கு மேல் சீறா ஏட்டிலேயே, படிப்பவர் நாவிலேயே இருந்தது. செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடித் திரட்டி 1842இல் அச்சிட்டார். செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த அவர் உழைப்பு இல்லையென்றால், நம் பள்ளிக்குச் சூட்ட ஒரு பெயர் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். பின்னால் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் உரை எழுதி, கடினமான இடங்களைத் திறந்துவிட்டார்.

உமறு எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். மகாகவி பாரதி பிறந்த அதே ஊர். தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் இப்போது அங்கே இருக்கிறது. அதற்கு முன், புலவரின் அடக்கத்தலத்தில் நினைவுச் சின்னம் எழுப்பியவர் பிச்சையா கோனார் என்ற உள்ளூர் அன்பர், 1912இல், என்பார்கள். சீறாவைக் கேட்டு அதில் மனம் பறிகொடுத்தவராம்.