காயில் கட்டத் தெரியுமா?

போன லீவுக்கு தா.பழூர் போயிருந்தப்போ வயக்காட்டு மோட்டார் எரிஞ்சு போச்சு. ஃபைனல் இயர் ட்ரிபிள்-ஈ படிக்கிறவன் வீட்லயே இருக்கானேன்னு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் மோட்டாரைப் பார்த்தேன். சின்க்ரோனஸ் ஸ்பீடு ஃபார்முலா தெரியும். ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை சுத்துன்னு தெரியாது. கடைசியில் காயில் கட்டித் தந்தது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு மெக்கானிக் அண்ணன். அன்னிக்கு ராத்திரி வெட்கத்துல தூக்கம் வராம நான் தேடிப் படிச்ச ஆளைப் பத்தித்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன்.

ஜி.டி.நாயுடு. கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வர் வேலை செஞ்சு காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுத்தினாரா? இல்லை. அக்கு அக்காகக் கழட்டி மறுபடி மாட்டினார். நம்ம முதல் லேப் இப்படி இருந்திருக்கலாம்னு உங்களுக்கும் தோணுதா?

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவரே ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியா வளர்ந்தது. பணம் வந்தது, வெளிநாடு போனார். ஷேவிங் ரேசர், ரேடியோ, ஜூஸ் பிழியும் மெஷின்னு எதையும் விடலை. (1936 தேர்தலில் நின்னு தோத்ததும் இதுல சேரும்.)

நமக்கு முக்கியமான வருஷம் 1937. பீளமேட்டில் இருந்த அவருடைய பட்டறையில், பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் உருவான முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செஞ்சாங்க. கோயம்புத்தூர் மோட்டாரும் பம்பும் இன்னிக்கு எங்க ஊர் கிணறு வரைக்கும் வருதுன்னா, அதோட தொடக்கம் அங்கதான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1945-ல் அவர் கொடுத்த நிதியில் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வந்தது. அப்போ சென்னை மாகாண கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பெயரை வெச்சாங்க. நாயுடுவே முதல்வர். டிகிரி இல்லாத முதல்வர்! நாலு வருஷப் படிப்பு தேவையே இல்லை, ரெண்டு வருஷம் போதும்னு வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கலை. அவரும் இறங்கி வரலை, பதவியை விட்டுட்டுப் போயிட்டார். ஆனா சொல்லிக் கொடுக்கிறதை விடலை. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவங்களும் வந்து கத்துக்கிற மாதிரி, ரேடியோவும் ஆட்டோமொபைலும் குறுகிய காலப் பயிற்சியா நடத்தினார். அந்தக் காலேஜ்தான் இன்னிக்கு நாம கவுன்சிலிங்ல கட்-ஆஃப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஜி.சி.டி.

ரெண்டு வருஷம் போதும்ங்கிறதை நான் முழுசா ஏத்துக்கலை. மேக்ஸ் மட்டுமே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அரியர் தனி. ஆனா அவர் 1974 ஜனவரியில் இறக்கிற வரைக்கும் படிப்பு முடிஞ்சதுன்னு நினைச்ச மாதிரி தெரியலை. நாமளோ ஏப்ரல்ல முடிஞ்சிடும்னு நாள் எண்ணிட்டு இருக்கோம். லைசென்ஸ் வாங்கின பிறகும் சுவயம் தளத்தில் மெஷின்ஸ் பாடத்தை இலவசமா பார்க்கலாம், பரீட்சைக்கு மட்டும்தான் காசு. காயில் கட்டுறது மட்டும் வீடியோல வராது.

அதனால மெக்கானிக் அண்ணன்கிட்ட அடுத்த லீவுக்கு வர்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன். வாப்பா தம்பின்னார். சம்பளம் மட்டும் கிடையாதாம்.