நக்கவாரத்துத் தமிழாசான் வேதப்பன் சாலமோன்

நக்கவாரம் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் இராசேந்திர சோழனின் கடற்படையே தோன்றும். தஞ்சைக் கல்வெட்டில் அவ்வேந்தன் வென்ற இடங்களுள் மாநக்கவாரமும் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருத்தலை நாம் ஆண்டுதோறும் மேடையில் முழங்குகிறோம். ஆனால் அத்தீவில் படையின்றிச் சென்று பலகையும் புத்தகமும் பரப்பிய தமிழர் ஒருவரை நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர்?

அவர் சென்னைப் பக்கத்தைச் சேர்ந்த வேதப்பன் சாலமோன். நாம் வாழும் மின்னி பேயினின்று தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் கடல் நடுவே கார் நிக்கோபார் கிடக்கிறது. 1890-களின் நடுவில் அவர் அங்கே வடகரையிலுள்ள மூஸ் என்னும் ஊரில் குடியேறினார். அதற்கு முன்னும் முயன்றோர் உண்டு. 1756-இல் நம் தரங்கம்பாடியிலிருந்து டேனியர் இத்தீவுக் கூட்டத்திற்குக் குடியேற வந்தனர். பின்பு 1768-இல் மொரேவிய சமயத் தொண்டர் வந்தனர். காய்ச்சலே அவர்களைத் தோற்கடித்தது. 1869-இல் ஆங்கிலேயர் கமோர்ட்டாவில் நிறுவிய குடியேற்றமும் 1888-இல் மூடப்பட்டது. அத்தகைய மண்ணிலேதான் சாலமோன் வேரூன்றினார்.

அவர் ஊதியமின்றி உழைத்தவர் என்று மிகைபடக் கூறமாட்டோம். அரசினரின் ஏஜெண்டாகவும் அவரே இருந்தார். தேங்காய் ஏற்ற வரும் வணிகக் கப்பல்களைப் பதிவதும், பூசல்களை விசாரிப்பதும், சமயம் போதிப்பதும் அவர் தலையிலேயே விழுந்தன. அதிகாரமும் ஆசிரியமும் ஒருவரிடமே சேர்வது நமக்கு உவப்பானதன்று. எனினும் பள்ளி நடத்துதல் எந்த அதிகாரத்தாலும் கைகூடும் செயலன்று. தென்னை ஏறவும் படகு செலுத்தவும் அறிந்த சிறுவன் பாடப் புத்தகத்தின்முன் எதற்காக அமர வேண்டும்? தேங்காயே நாணயமாக வழங்கிய ஊரில், கணக்கறியாதவனை வணிகன் எளிதில் ஏய்த்துவிடுவான் என்பது அதற்கு ஒரு விடையாக இருந்திருக்கும்.

நாட்குறிப்பு எழுதும் வழக்கமும் அவர்க்கிருந்தது. தீவினரின் விழாக்களையும் அச்சங்களையும், பேய் பிடித்தவனெனக் கருதி ஒருவனை ஊரே கூடிக் கொல்லும் கொடுமையையும் அவர் அதில் பதிந்தார். அதன் பகுதிகளை 1902-இல் இலண்டனில் மானிடவியல் ஆய்விதழ் வெளியிட்டது. தமிழில் அந்நூற்பகுதியை யாரேனும் பெயர்த்தளித்தால் நம் சங்கம் மகிழும்!

அவருடைய மாணாக்கருள் ஹாச்செவ்கா என்றொரு சிறுவன் இருந்தான். சாலமோன் அவனைப் பர்மாவிலுள்ள மாண்டலே நகரத்து மிஷன் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். 1909-இல் ஆசான் மறைந்தார். மாணாக்கன் 1912-இல் ஊர் திரும்பி, மூஸ் பள்ளியை மீண்டும் ஏற்று நடத்தினான். ஜான் ரிச்சர்ட்சன் என்று நாடறிந்தவர் அவரே. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் அவர் பட்ட துன்பம் பெரிது. 1950-இல் பிஷப்பானார். 1952-இல் இத்தீவுகளின் சார்பில் முதன்முதலாக மக்களவைக்கு நியமிக்கப்பட்டு, தில்லி சென்று அமர்ந்தார். 1978-இல் மறைந்தார்.