கொல்லர் மகன் பாரடே

நம்ம மெஷின்ஸ் லேபில் டிரான்ஸ்பார்மர் சோதனை செய்யாமல் மின்னியல் துறையை விட்டு யாரும் வெளியே போனதில்லை. ரீடிங் எடுக்கிறோம், கிராப் போடுகிறோம், வைவாவில் பாரடே விதியை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். அந்த ஆள் யார் என்று நானும் கேட்டதில்லை. முதல் வருஷம் கணக்கில் அரியர் விழுந்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அவருடைய வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், நண்பர்களே.

மைக்கேல் பாரடே 1791 செப்டம்பர் 22-ல் லண்டன் நகரை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். ஒரு பஞ்ச காலத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் சிறுவன் மைக்கேலின் பங்கு. எழுதப் படிக்கவும் கொஞ்சம் கூட்டிக் கழிக்கவும் கற்றதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 1805-ல், பதினாலு வயதில், ரீபோ என்பவரின் புத்தகம் கட்டும் கடையில் ஏழு வருஷத் தொழில் பழகுநராகச் சேர்ந்தார்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தை மற்ற பையன்கள் தைத்தார்கள், ஒட்டினார்கள். இவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அப்படி வாசித்தவைதான். படித்ததை அப்படியே நம்பாமல், மிச்சம் பிடித்த காசில் சின்னச் சின்ன சாமான்கள் வாங்கிச் செய்தும் பார்த்தார். முதலாளியும் அதைத் தடுக்கவில்லை. நல்ல மனுஷன்.

1810-ல் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேரத்தில் அறிவியல் வகுப்பு நடத்துவது தெரிய வந்தது. ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். தம்பியிடம் ஏது காசு? கொல்லுப்பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அங்கே வந்தவர்கள் குமாஸ்தாக்களும் கைத்தொழில் இளைஞர்களும். நகரத் தத்துவச் சங்கம் என்று பெயர் வைத்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவதும், ஆளுக்கொரு நாள் எழுந்து பேசுவதுமாக நடத்தினார்கள். பாரடேயின் இலக்கணம் ஓட்டையாக இருந்தது. பேச்சும் கொச்சை. அந்தச் சங்கத்து நண்பர் மக்ராத் வாரா வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதைத் திருத்தினார். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருஷக் கணக்காக! என் ஆங்கில ரெக்கார்டைத் திருத்திக் கொடுத்த சீனியர் அண்ணன் அந்த வரியைப் படிக்கும்போது ஞாபகத்துக்கு வந்தார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நாலு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவியும் மரச்சிற்பி ஒருவரின் மகன்தான். பாரடே கேட்டதையெல்லாம் படங்களோடு முந்நூறு பக்கம் எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். முதலில் டேவி, புத்தகத் தொழிலை விடாதே என்றுதான் புத்தி சொன்னார். அப்புறம் அங்கே இருந்த உதவியாளர் ஒருவர் அடிதடியில் வேலை இழக்க, 1813 மார்ச் 1-ல் பாரடேக்கு இடம் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, அடுப்புக் கரி, மெழுகுவர்த்தி.

அதே வருஷம் டேவியோடு ஐரோப்பா போனார். ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார். (நமக்கு அவர்கள் மீட்டரில் மட்டும்தான்!) ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பாதியில் திரும்பிவிட நினைத்து, கற்றுக்கொள்வதற்காகவே பொறுத்துக்கொண்டார்.

எனக்கு வருத்தம் தந்தது இதற்கு அப்புறம் வரும் பகுதி. 1821-ல் மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றி ஓடும்படி பாரடே செய்து காட்டினார். மோட்டாருக்கு அதுதான் விதை. வேறொருவர் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று பேச்சுக் கிளம்பியது. 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தேர்தலில் அவரை எதிர்த்தவர் யார் தெரியுமா? அதன் தலைவராக இருந்த டேவியே. ஏற்றிவிட்ட கைதான் இழுக்கவும் பார்த்தது. பாரடே பின்வாங்கவில்லை, தேர்வானார். ஆனாலும் கடைசி வரை டேவியைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. என்னால் அது முடியுமா என்று தெரியவில்லை.

1831 ஆகஸ்ட் 29. ஒரு இரும்பு வளையம், அதில் இரண்டு பக்கமும் தனித்தனியே தாமிரச் சுருள். ஒரு சுருளை பேட்டரியோடு இணைத்ததும் மறு பக்கத்து ஊசி துள்ளியது. உடனே நின்றுவிட்டது. இணைப்பை எடுத்ததும் மறுபடி துள்ளியது. நடுவில் எவ்வளவு நேரம் மின்சாரம் ஓடினாலும் அசைவில்லை. மாற்றம் இருந்தால்தான் மின்சாரம் பிறக்கும். டி.சி.யில் டிரான்ஸ்பார்மர் ஏன் ஓடாது என்பதற்கு இதுதான் பதில். எனக்கு அது புரிந்தது வகுப்பில் இல்லை, அந்தப் பக்கத்தில். அக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும், காந்த முனைகளுக்கு நடுவே தாமிரத் தட்டைச் சுழற்றியும் மின்சாரம் எடுத்தார். அதுவே முதல் ஜெனரேட்டர்.

இவ்வளவும் செய்தவருக்கு அல்ஜீப்ரா கூட சரியாக வராது! காந்தத்தைச் சுற்றிக் கோடுகளாக மனசில் பார்த்தார். அதைக் கணக்காக மாற்றியவர் மேக்ஸ்வெல், அதே 1831-ல் பிறந்தவர். (அரியரை நான் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. அது வேறு விஷயம்.)

ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் சிறுவர் சிறுமியருக்காகக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. 1827 முதல் 1860 வரை 19 வருஷத்து வரிசைகளை பாரடேயே நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சொன்னார். வேகமாகப் பேசினால் நினைவுபடுத்த, மெதுவாக என்று எழுதிய அட்டை ஒன்றும் எதிரே இருக்குமாம். அந்தச் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் மறுத்தார். கடைசிக் காலத்தில் ஞாபக சக்தி போயிற்று. 1867 ஆகஸ்ட் 25-ல் ஹாம்ப்டன் கோர்ட்டில் நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்தார். பெரிய ஆலயத்தில் அடக்கம் வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்ததால், ஹைகேட் மயானத்தில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

அந்த இரும்பு வளையம் லண்டனில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. படத்தில் பார்த்தேன். இன்சுலேஷனுக்குத் துணியும் நூலும் வைத்துச் சுற்றியிருக்கிறார். பார்த்தால் நம்ம முதல் வருஷப் பையன் ஒர்க்‌ஷாப்பில் சுற்றின மாதிரியே இருக்கிறது.